ஏழாம் டேபிள் உப்புமா

கோமதிநாயகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தாலுகா ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். அங்கே ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் காட்டியது போக மிச்சமிருக்கும் கோபத்தை ஹோட்டல்களில் காட்டுவார். காபியில் சர்க்கரை கூடினால் டம்ளர் பறக்கும். தோசை முறுகாமல் வந்தால் தட்டு பறக்கும்.

ஒருநாள் இட்லி கேட்டவருக்கு ஊத்தப்பம் வந்தது. பறந்தது சாம்பார்க் கிண்ணம். கொதிக்கிற சாம்பார். சப்ளையரின் ஒரு பக்கக் கன்னம் வெந்துபோனது.

அந்த ஆள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சிருங்க சார். மாத்திக் கொண்டாரேன்."

அவர் திருப்பி அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை. அந்த 'மன்னிச்சிருங்க' கோமதிநாயகத்தைத் தூங்கவிடவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் ஆற்றங்கரையில் இருந்த வடிவம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

சண்முகவடிவு என்பது அம்மாவின் முழுப்பெயர். வயது நாற்பத்திரண்டுதான். முன்பு கிராமத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சீடருக்கு வயது அறுபத்தொன்று. அதனால் அம்மா அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு வருஷத்தில் கோமதிநாயகம் ஆளே மாறிப்போனார். எது வந்தாலும் 'இது வேண்டாம், வேறே கொடு' என்று சொல்வதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். அம்மா சொல்லி எடுத்ததில்லை. தானே எடுத்துக்கொண்டது. பூனை சைவமான கதையை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. பார்க்க வருகிறார்கள் என்பதில் பூனைக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"அம்மா, எனக்குத் தீட்சை எப்போ?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமை. அதுக்கு முந்தின நாள் கடைவீதிச் சாப்பாடு."

கடைவீதிச் சாப்பாடு அந்த மடத்து வழக்கம். தீட்சைக்கு முந்தைய நாள் சீடர் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஹோட்டலில் சாப்பிட வேண்டும். குரு பக்கத்து டேபிளில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சீடர் தட்டை அவர் பார்க்கக் கூடாது. காதால் கேட்கலாம், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை இருவரும் போனார்கள். சந்தை நாள். ஹோட்டலில் உட்கார இடமில்லை. சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னாலேயே ஆட்கள் நின்று, எப்போது எழுவார்கள் என்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் டேபிளில் கோமதிநாயகத்துக்கு இடம் கிடைத்தது. வடிவம்மா ஐந்தாம் டேபிளில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மோர் சொன்னார். அவருக்கு நேர் எதிரே ஏழாம் டேபிள். அங்கே வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

சப்ளையர் மாடக்கண்ணுவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒருவரே எட்டு டேபிளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு?"

"ஒரு ரவா தோசை."

"லேட்டாகும் சார்."

"ஆகட்டும் தம்பி. அவசரமே இல்லை."

அம்மா காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மாடக்கண்ணு நாலு தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு தட்டைக் கோமதிநாயகத்தின் முன்னால் வைத்துவிட்டு நிற்காமல் போனார்.

கோதுமை ரவை உப்புமா. பக்கத்தில் புதினாச் சட்னி.

பழைய கோமதிநாயகமாக இருந்திருந்தால் உப்புமா இந்நேரம் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர் சிரித்தார். வந்துவிட்டது சோதனை, இதற்காகத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தோம் என்று நினைத்தார். உப்புமாவை உதிர்த்து, நிதானமாக ஒரு வாய் வைத்தார். அவருக்கு உப்புமா பிடிக்காது. பிடிக்காததைச் சாப்பிடுவது இன்னும் விசேஷமாகத் தோன்றியது.

பாதித் தட்டு காலியானபோது ஏழாம் டேபிளிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, என் கோதுமை உப்புமா என்னாச்சு?"

கோமதிநாயகத்தின் கை நின்றது.

"வந்துரும் அய்யா, இந்தா வந்துரும்," என்றபடி மாடக்கண்ணு சமையலறைக்குள் தலையை நீட்டினார். உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தினார்.

"ஏழுக்கு உப்புமா அப்பவே போட்டாச்சே! ஒரு டேபிளுக்கு எத்தனை தடவைவே போடணும்?"

கோமதிநாயகம் தட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தார். முதுகு அசையவில்லை.

இப்போது வாயைத் திறந்தால், 'இது நான் கேட்டதில்லை' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருஷ விரதம். நாளைக்குத் தீட்சை. ஒரு உப்புமாதானே, இன்னொன்று போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. சப்ளையரை ஏன் மாட்டிவிட வேண்டும்? இப்படியெல்லாம் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிவிட்டு, அடுத்த வாயை எடுத்துவைத்தார்.

"தம்பி," என்றது ஏழாம் டேபிள் மறுபடியும். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சீக்கிரம் குடுத்தா நல்லாருக்கும்."

"இந்தா ஆச்சு அய்யா."

கோமதிநாயகம் தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டு முடித்தார். கடைசி வாயை விழுங்கும்போது நெஞ்சில் லேசாக அடைத்தது. தண்ணீர் குடித்தார். சரியாகப் போயிற்று.

அப்போதுதான் ஐந்தாம் டேபிளில் மோர் டம்ளர் உருண்டது. வடிவம்மா எழுந்து ஓடினார். அம்மா ஓடி அவர் பார்த்ததே இல்லை.

ஏழாம் டேபிள் பெரியவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். கூட்டத்தின் சூட்டில் எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் அவருக்குச் சட்டை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் வெடவெடவென்று ஆடின. கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"அய்யா! அய்யா! என்னைப் பாருங்க. சுகர் ஊசி போட்டீயளா?"

தலை லேசாக ஆடியது.

"எப்போ?"

"வந்ததும்..."

"ஊசியப் போட்டுட்டு இவ்வளவு நேரம் சாப்பிடாமலா இருந்தீய?" வடிவம்மா திரும்பிக் கத்தினார். "சர்க்கரை! யாராவது சர்க்கரையை எடுங்க, ஓடுங்க!"

காபி போடுகிறவர் டப்பாவோடு ஓடிவந்தார். கூட்டம் எழுந்து நின்றது. கோமதிநாயகத்தின் உப்புமா ஒட்டிய விரல்கள் தட்டின் மேல் அப்படியே நின்றன. ஊசி என்ற வார்த்தை காதில் விழுந்ததோடு சரி, அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வடிவம்மா சர்க்கரையைத் தண்ணீரில் அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"முழுங்க முடியுதா அய்யா? மெதுவா. ஒவ்வொரு மடக்கா."

ஒரு மடக்கு உள்ளே போனது. இரண்டாவது, கடைவாயில் வழிந்தது. மூன்றாவது உள்ளே போனது.

ஹோட்டல் முழுக்க ஒரு தட்டுச் சத்தம் கேட்கவில்லை. கோமதிநாயகம் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கும்போதெல்லாம் இவருக்கு உயிர் வந்தது. நின்றபோதெல்லாம் போனது. தன் வயிற்றில் கிடக்கிற உப்புமாவை அப்படியே எடுத்து அவர் வாயில் வைத்துவிட முடியாதா என்று இருந்தது.

பத்து நிமிஷம் கழித்துப் பெரியவர் கண்ணைச் சிமிட்டினார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டார்.

"ஒண்ணுமில்லை. லேசா கிறுகிறுப்பு."

அதற்குள் முதலாளி கல்லாவை விட்டு இறங்கிவந்து மாடக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கவே அந்த உப்புமா? மாஸ்டர் போட்டாச்சுங்கான். இவருக்கு வரலை. நீரு தின்னீரா?"

"வச்சேன் முதலாளி. ஏழுல வச்ச ஞாபகம்தான்."

"ஞாபகமா? ஒரு உசிரு போயிருக்கும்வே! துண்டை எடுத்துட்டுக் கெளம்பும். நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராதீரும்."

மாடக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வாதாடவில்லை. "மன்னிச்சிருங்க முதலாளி," என்றார்.

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை. எழுந்தார்.

"அந்த உப்புமாவை நான்தான் சாப்பிட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி கிட்டே வந்தார்.

"நீங்க என்ன கேட்டிருந்தீய?"

"ரவா தோசை."

"மாறி வந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"இவரு உப்புமா கேட்டது காதுல விழலையா?"

"விழுந்துது. ரெண்டு தடவை."

"பெறகு ஒரு வார்த்தை சொன்னா என்ன சார்?"

விரதம் என்று சொல்லக் கோமதிநாயகத்துக்கு நாக்குக் கூசியது.

சர்க்கரைத் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவர்தான் பேசினார்.

"விடுங்க முதலாளி. பாவம், அவருக்கு என்ன பசியோ. பசியில மனுசனுக்குத் தட்டா தெரியும்?"

இதற்கு அவர் நாலு வசவு வைதிருக்கலாம் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. சாப்பிட்டவருக்கோ பசியே இருக்கவில்லை.

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கல்லாவுக்குத் திரும்பினார். போகிற போக்கில் மாடக்கண்ணுவிடம், "துண்டைப் போட்டுட்டு வேலையப் பாரும்வே," என்றார். புதிதாகக் கிண்டிய உப்புமா, ஆவி பறக்க ஏழாம் டேபிளுக்கு வந்தது. பெரியவர் முதல் வாய் சாப்பிடும் வரை வடிவம்மா பக்கத்திலேயே நின்றார். பிறகு ஐந்தாம் டேபிளுக்கு வந்து, முன்பு போலவே சீடருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

கோமதிநாயகமும் உட்கார்ந்தார். காலித் தட்டை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

"அம்மா."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் கோபப்படலை."

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். உங்க டேபிள்லேருந்து ஒரு சத்தம் வரலை. ரொம்ப அமைதியா சாப்பிட்டீய."

பிறகு ஒன்றைச் சேர்த்தார்.

"அவரு சாப்பாட்டை."

கோமதிநாயகம் இரண்டு கைகளாலும் டேபிளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அறுபத்துமூன்று வயசில் நடுக்கடையில் அழுவது என்ன கோலம் என்று நினைத்தார். ஆனாலும் நிற்கவில்லை.

"அன்னைக்குக் கத்தினேன், ஒருத்தர் கன்னம் வெந்துது. இன்னைக்குக் கத்தலை, ஒருத்தர் உசுரே போகப் பாத்துது. நான் என்னதான் செய்யட்டும்?"

அம்மா கவிழ்ந்து கிடந்த மோர் டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

மாடக்கண்ணு வந்தார். ஒரு தட்டை வைத்துவிட்டு, "சாரி சார், லேட்டாயிடுச்சு," என்று சொல்லி, முகத்தைப் பார்க்காமல் அடுத்த டேபிளுக்கு நகர்ந்தார்.

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தார்.

ஊத்தப்பம்.

முதலாளி கல்லாவிலிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாம் டேபிளில் கைக்குழந்தையோடு ஒரு பெண், சமையலறை வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் மாடக்கண்ணுவின் வேலை போச்சு. சொல்லாவிட்டால்?

"அம்மா," என்றார். "நாளைக்குத் தீட்சை உண்டா?"

வடிவம்மா திரும்பவில்லை.

"உங்க தட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி," என்றார். "உங்களுக்குத்தான் தெரியும்."