ஆளுக்குப் பாதி

மழை பெய்த வருஷமும் உண்டு, பொய்த்த வருஷமும் உண்டு. பொய்த்த வருஷத்தில் ஒரே ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரே ஒரு ஏரி.

ஏரித் தண்ணீரை யார் வயலுக்கு விடுவது என்று தீர்மானிப்பவர் ஆண்டியப்பன். நரைத்த தலை. ஒருவர் மனமும் கோணக்கூடாது என்று நினைக்கிற ஆள்.

அறுவடை முடிந்த ஒரு காலையில், ஏரிக்கரை மடத்துச் சாமியிடம் போய் நின்றார். சாமி அவரைவிட வயதில் சின்னவர்.

"இந்த வேலை எனக்கு வேண்டாம் சாமி."

"ஏன்?"

"ஒரு வயலுக்குத்தான் தண்ணி இருந்துச்சு. கேட்டவங்க ரெண்டு பேர். மதகு பக்கத்துல வேலப்பன், வாய்க்கால் கடைசியில பவுனம்மா. ஆளுக்குப் பாதி விட்டேன். ஓரவஞ்சனை பண்ணலை."

"அப்புறம்?"

"ரெண்டு வயல்லயும் கதிர் பால் பிடிக்காமக் காஞ்சிருச்சு. இப்ப ரெண்டு பேருமே என் முகத்தைப் பாக்குறதில்லை. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

சாமி கரையில் யாரோ வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுனம்மாதான். அறுத்த நெல்லில் முதல் பிடியை மடத்துக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

சாமி இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். மெல்ல ஊதினார்.

அத்தனையும் பறந்தது. பதர்.

வெறுங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆண்டியப்பனுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

"பாதியாவது விட்டேனே தாயி."

"அதுதானே கெடுத்துச்சு." அவள் குரல் உயரவில்லை. "இதே கரையில நின்னு கேட்டேன். 'பாக்கலாம்'னு சொன்னீங்க. இல்லைன்னு சொல்லியிருந்தா நடவே நட்டிருக்க மாட்டேன். உங்களைத் திட்டிக்கிட்டே, தண்ணி அதிகம் கேக்காத உளுந்தைத் தெளிச்சிருப்பேன். புள்ளைங்க கஞ்சி குடிச்சிருக்கும்."

பாக்கலாம். அன்றைக்கு அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது. அவள் முகம் வாடுவதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டது ஆண்டியப்பனுக்கு நினைவு வந்தது.

"யாரு மனசு நோகக்கூடாதுன்னு பாதி விட்டீங்க அய்யா?" என்றார் சாமி.

ஆண்டியப்பன் ஏரியைப் பார்த்தார். அடுத்த போகத்துக்கும் அதில் ஒரு வயலுக்குத்தான் தண்ணீர் கிடந்தது.

"பவுனம்மா."

"சொல்லுங்கண்ணே."

"உன் வயலுக்கு வர்ற தண்ணியை வழியிலேயே மண்ணு குடிச்சிருது. இந்தத் தடவை முழுசும் வேலப்பனுக்குத்தான். உனக்கு இல்லை."

அவள் அவரையே பார்த்தாள்.

"அழுதா மாறுமா?"

"மாறாது."

 

"அப்ப நான் வாரேன். பருவம் போறதுக்குள்ள உளுந்து தெளிக்கணும்."

முந்தானையை உதறினாள். ஒட்டியிருந்த பதர் ஒன்றிரண்டு ஆண்டியப்பன் காலடியில் விழுந்தது. விறுவிறுவென்று கரையோடு போய்விட்டாள்.

அவள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

"இப்பச் சொன்னதாவது சரிதானா சாமி?"

சாமி அதே வெறுங்கையை விரித்துக் காட்டினார். "உங்க மனசு ஆறக் கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை அய்யா." எழுந்து உள்ளே போனார்.