செய்ய ஏதுமில்லை என்றது

"செய்யுன்னு சொன்னா ‘செஞ்சாச்சு’ங்குது சிஸ்டர். ஆனா செய்யல."

வாசல்படியில் நின்றபடியே இன்னாசி சொன்னார். உட்காரத் தோன்றவில்லை.

சிஸ்டர் அமலோற்பவம் நிமிரவில்லை. மடியில் நீல நிற நெட்வொர்க் ஒயர் சுருண்டு கிடந்தது. உள்ளே இருந்த எட்டு மெல்லிய கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"மூணு தடவை. மூணு தடவையும் ஒரே பதில். ‘செய்ய ஏதுமில்லை.’"

"சரி, உக்காருங்க."

இன்னாசிக்கு ஐம்பத்திரண்டு வயது, சிஸ்டருக்கு முப்பத்தாறு. சென்னையில் பெரிய கம்பெனியில் இருபது வருஷம் மேனேஜராக இருந்தவர் இன்னாசி. மீட்டிங்கில் பேசிப் பேசி வாய் வளர்ந்தது, கை மறந்துபோனது. வேலையை விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக் கன்னியர் மடத்துக்கு வந்து, முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள் என்று நின்றார். சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டினார். அது நடந்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

மடம் நடத்தும் ஆஸ்பத்திரிகள் மூன்று. மலையடியில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று, காட்டுப்பட்டியில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ப்ரோக்ராம். ஆனால் நோயாளிகளின் விவரம் வைக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ்.

யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை இத்தனை நாளும் காகித அட்டையிலும், கணினியில் ‘குறிப்பு’ என்ற பழைய பெட்டியிலும் எழுதி வந்தார்கள். காது மந்தம், மருமகள் கூட வருவாள், சல்பா மாத்திரை ஆகாது, எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். அதைப் பிரித்துத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும், கணினியில் நோயாளியின் பக்கத்தைத் திறந்ததும் சிவப்பில் தெரிய வேண்டும் என்பது சிஸ்டரின் ஆசை. இன்னாசி அதற்கு மைக்ரேஷன் எழுதினார்.

மைக்ரேஷன் என்பது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் உத்தரவுச் சீட்டு. இப்படி ஒரு பெட்டி செய், பழைய பெட்டியில் இருப்பதில் இன்னதை இதில் கொண்டு வந்து வை என்று அதில் இருக்கும். சீட்டு முடிந்ததும் அந்த டேட்டாபேஸ் தன் பதிவேட்டில் ‘ஆயிற்று’ என்று எழுதிக்கொள்ளும். அதே சீட்டை மறுபடி காட்டினால் செய்ய ஏதுமில்லை என்று சொல்லிவிடும்.

நேற்று மூன்று இடத்துக்கும் சீட்டை அனுப்பினார். மூன்று இடத்திலும் ‘ஆயிற்று.’

இன்னாசிக்குத் தாளமுடியாத சந்தோஷம். மூன்று ஆஸ்பத்திரிக்கும் அவரே போன் போட்டார். இனிமேல் பக்கத்தைப் பார்த்தால் போதும், பழைய அட்டைகளைக் கட்டிப் பரணில் போடுங்கள் என்றார். காட்டுப்பட்டி நர்ஸ் சகாயம் மட்டும், நம்பலாமா என்று கேட்டாள். என்னை நம்ப மாட்டாயா என்று இவர் சிரித்தார்.

காலையில் எண்ணிப் பார்த்தார். மலையடியில் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு ஒவ்வாமை. ஆற்றங்கரையில் தொண்ணூற்றேழு.

காட்டுப்பட்டியில் ஒருவருக்கும் இல்லை.

"செஞ்சாச்சுன்னு யாரு சொன்னா?" சிஸ்டர் கேட்டார்.

"பதிவேடு."

"பெட்டி அங்க இருக்கான்னு பாத்தீங்களா?"

இன்னாசி பார்க்கவில்லை. கணினி முன் உட்கார்ந்து இப்போது பார்த்தார்.

காட்டுப்பட்டியில் அப்படி ஒரு பெட்டியே இல்லை.

"இல்ல சிஸ்டர்."

"சீட்டு போற வழியில யாரு நிக்கிறா?"

இன்னாசி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

ரூட்டர் நிற்கிறது. எந்தப் பெட்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று சொல்லும் சின்னக் கோப்பு அது. வாசல் காவல்காரன் மாதிரி. இரண்டு வாரத்துக்கு முன் காட்டுப்பட்டியில் டிஸ்க் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் புதுப் பெட்டி அங்கே வேண்டாம் என்று காவல்காரனிடம் சொல்லி வைத்தார் இன்னாசி. டிஸ்க் மாற்றி முடித்தார்கள். சொன்னதை இவர் மறந்துபோனார்.

காவல்காரன் சீட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டான். சீட்டு வந்ததையும் போனதையும் பார்த்த, பதிவேடு எழுதும் கணக்கன், உள்ளே ஏதாவது நடந்ததா என்று கேட்கவில்லை. ‘ஆயிற்று’ என்று எழுதிவிட்டான்.

இன்னாசி காவல்காரனைத் திருத்தினார். மறுபடி சீட்டை அனுப்பினார்.

‘செய்ய ஏதுமில்லை.’

"இப்பவும் அதையேதான் சொல்லுது."

சிஸ்டர் கம்பிகளை ஒயர் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் மூக்குக்குள் செருகி, இடுக்கியால் அழுத்தி, ஒயரை அவரிடம் நீட்டினார்.

"நல்லாருக்கா?"

இன்னாசி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கம்பிகூட வெளியே பிதுங்கவில்லை. கடையில் வாங்கியது மாதிரி இருந்தது.

"நல்லாருக்கு."

சிஸ்டர் அதைச் சோதிக்கும் கருவியில் செருகினார். ஒன்று, இரண்டு என்று பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஐந்தாவது எரியவில்லை.

சிஸ்டர் கத்தரியை எடுத்தார். அந்த அழகான மூக்கை அப்படியே வெட்டிக் கூடையில் போட்டார். மறுபடி முதலிலிருந்து கம்பிகளைப் பிரிக்க ஆரம்பித்தார்.

இன்னாசி கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். காட்டுப்பட்டிப் பதிவேட்டில் இருந்த ‘ஆயிற்று’ என்ற வரியை அழித்தார். சீட்டை அனுப்பினார்.

இந்த முறை அது ஓட ஆரம்பித்தது.

காட்டுப்பட்டியில் மூவாயிரத்து நூற்று நாற்பது நோயாளிகள். ஒவ்வொருவர் குறிப்பாகப் படித்து மருந்துப் பேரைப் பிரித்து எடுக்க வேண்டும். காட்டு வழியாகப் போகும் லைன் வேறு மந்தம். திரையில் எண் மெதுவாக ஏறியது. நாற்பது. நாற்பத்தொன்று.

இன்னாசி மூச்சு விட்டார். "யாரும் பாக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

சிஸ்டர் கம்பிகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"பெட்டியே இல்லன்னா அங்க பக்கம் திறந்திருக்கக் கூடாதே. நேத்துலேர்ந்து எப்படித் திறக்குது?"



பக்கத்தில் பிழை என்று வந்தால் நர்ஸுகள் பயந்துவிடுகிறார்கள். உடனே போன் போடுகிறார்கள். அதனால், என்ன தடங்கல் வந்தாலும் பிழை காட்டாதே என்று ப்ரோக்ராமில் எழுதி வைத்திருந்தார். அதைச் சொன்னார்.

"பிழைக்குப் பதிலா என்ன காட்டும்?"

"‘ஒவ்வாமை எதுவும் இல்லை.’"

"எந்த நிறத்துல?"

"பச்சை."

சிஸ்டரின் கை நின்றது. இன்னாசி வந்ததிலிருந்து அப்போதுதான் நின்றது.

"இன்னைக்குப் புதன்கிழமை" என்றார்.

காட்டுப்பட்டியில் புதன்கிழமைதான் ஆபரேஷன் நாள். இன்னாசி அன்றைய பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு பெயர். வள்ளிமயில், இருபத்தாறு வயது, இரண்டாவது பிரசவம், வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும். மணி பதினொன்று.

சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தெட்டு.

திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

"பதினொண்ணுக்குள்ள முடிஞ்சிரும் சிஸ்டர். முடிஞ்சதும் பக்கம் தானா சிவப்பாயிரும்."

சிஸ்டர் எழுந்து போய், மேஜை ஓரத்தில் இருந்த போனை எடுத்து வந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து ஒயரை எடுத்துக்கொண்டார்.

இன்னாசி போனைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். முந்நூற்று இருபது.

போன் போட்டால் என்ன சொல்வது? நேற்றுத்தான் சிரித்துக்கொண்டு சொன்னது. இருபது வருஷம் நூறு பேரை வேலை வாங்கினவர், ஒரு சீட்டைச் சரியாக அனுப்பத் தெரியவில்லை என்று காட்டுப்பட்டி முழுக்கப் பேசுவார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. லைன் கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும்.

முந்நூற்று இருபத்தாறு.

லைன் வேகம் பிடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்குப் பழைய பெட்டியில என்ன எழுதியிருக்கு?" சிஸ்டர் கேட்டார்.

இன்னாசி இன்னொரு ஜன்னலைத் திறந்து தேடினார். பழைய குறிப்பு யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. படித்தார்.

முதல் பிரசவத்தில் பென்சிலின் ஊசி. முகம் வீங்கி மூச்சு அடைத்தது. இனி கூடவே கூடாது.

அவர் கை போனுக்குப் போனது.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். முழுசாக அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை ஆபரேஷன் அறை நம்பருக்கே போட்டார்.

சிஸ்டரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபமா, கம்பி நிறங்களை எண்ணினாரா, தெரியவில்லை.

"யாரு?" சகாயத்தின் குரல்.

"நான் இன்னாசி. வள்ளிமயிலுக்குப் பென்சிலின் போடாதீங்க."

கணினிப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்றாள் சகாயம். அந்தப் பெண்கூட ஏதோ ஒரு ஊசி ஆகாது, பேர் தெரியாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறதாம். பக்கத்தைத் திறந்து பார்த்தாளாம், பச்சையாக இருந்ததாம், சும்மா பயப்படாதே என்று இவளே அதட்டி வைத்திருக்கிறாளாம்.

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

இன்னாசி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பழைய குறிப்பில் கண்ணில் பட்டது என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஊசி நின்றுபோகும், வள்ளிமயில் பிழைத்துக்கொள்வாள். மற்றதைச் சீட்டு பார்த்துக்கொள்ளும். ஒருவருக்கும் தெரியாது.

திரையில் முந்நூற்று முப்பத்தொன்று. இன்னும் இரண்டாயிரத்து எண்ணூறு பேர்.

"நேத்து முடிஞ்சுதுன்னு நான் சொன்னேன்ல" என்றார் இன்னாசி. "முடியல. உங்க ஆஸ்பத்திரியில ஒண்ணுமே நடக்கல. நான் பாக்காம சொன்னேன்."

"அப்ப பச்சையா இருக்கறது?"

"அது நான் எழுதினது. பொய். ஒருத்தர் பக்கத்தையும் நம்பாதீங்க. எல்லாருக்கும் அட்டையப் பாருங்க."

போன் வழியாக ஏதோ தட்டில் பாத்திரம் இடிபடும் சத்தம் கேட்டது.

"ஊசி என் கையிலதான் இருக்குண்ணே" என்றாள்.

பிறகு, கீழே வைத்துவிட்டேன் என்றாள். டாக்டரம்மாவிடம் அவள் சொல்வது தூரத்தில் கேட்டது. டாக்டரம்மா வேறு மருந்து பேர் சொன்னதும் கேட்டது. இன்னாசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சகாயம் திரும்பி வந்தாள். கோபமாகத் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"அட்டையெல்லாம் நேத்தே கட்டிப் பரண்ல ஏத்தியாச்சு. எனக்கு முட்டி வலி. யாரு ஏறி எறக்குறது?"

போனை வைத்துவிட்டாள்.

இன்னாசி ப்ரோக்ராமைத் திறந்து, பிழையைக் காட்டாதே என்று தான் எழுதிய வரிகளைத் தேடி எடுத்து அழித்தார்.

எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஆயிரம் தாண்டியது. மடத்துக் கோயிலில் பன்னிரண்டு மணி ஜெபத்துக்கு மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து நின்று கண்ணை மூடினார். இன்னாசியும் நின்றார். அவர் கண்ணை மூடவில்லை.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டரைக் கிலோ, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று சகாயம் சொன்னாள்.

இரண்டு மணிக்குத் திரையில் எண் நின்றது. கீழே ஒரு வரி வந்தது.

‘ஆயிற்று.’

சிஸ்டர் புது ஒயரைச் சோதிக்கும் கருவியிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

இன்னாசி அந்த வரியைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய் செருப்பைத் தேடினார்.

"பரண்லேர்ந்து அட்டைய எறக்கிப் பாத்தாத்தான் தெரியும். காட்டுப்பட்டிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, சிஸ்டர்?"