பதின்மூன்றாவது வாள்

காவூர் ராஜாவுக்கு ரணதீரர் என்று பெயர். ரணம் என்று அவர் கண்டதெல்லாம் நாவிதர் கத்தி பட்டு மோவாயில் வந்ததுதான். ஆனாலும் வாள் என்றால் அவருக்கு உயிர். பக்கத்து வேங்கைநாட்டு ராஜா ஒரு டச்சுக் கப்பல்காரனிடம் ஜப்பான் தேசத்துப் பழைய வாள்கள் பத்து வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதே கப்பல்காரனிடம் பன்னிரண்டு வாங்கிய பிறகுதான் இறங்கியது.

அந்தத் தேசத்துக் கொல்லர்கள், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பிலே தங்கள் பெயரை உளியால் வெட்டி வைப்பார்களாம். இந்தப் பன்னிரண்டிலும் ஒரே பெயர். முந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த மகா கொல்லன் ஒருவனின் கையெழுத்து அது என்று சொன்னவர் ஆயுதசாலை அதிகாரி கோனேரி ராயர். அவருக்கு ஜப்பான் எழுத்து தெரியுமா என்று கேட்காதீர்கள். ஒருமுறை கப்பலில் ஏறி இறங்கியிருக்கிறார், போதாதா?

வாள்களுக்குத் தங்கக் கைப்பிடி போட இருளப்ப ஆசாரியைக் கூப்பிட்டார்கள். பழைய பிடியைக் கழற்றிப் பார்த்த ஆசாரி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"காம்பு பூரா பழைய துரு சாமி. ஆனா எழுத்து வெட்டின பள்ளத்துக்குள்ள துருவே இல்ல. துருவுக்கு வயசு நூறு இருக்கும். எழுத்துக்கு ஆறு மாசம்கூட ஆகல" என்றுவிட்டார்.

"ராஜாவின் வாளைப் பழிக்கிறான்!" என்று குதித்தார் கோனேரி ராயர். "மகா கொல்லனின் கை பட்ட எழுத்தில் துரு ஏறுமா? பளபளவென்று மின்னுவதுதான் அசலுக்கு அடையாளம்!"

ராஜாவுக்கு இந்த விளக்கம் வெல்லமாக இனித்தது. ஆசாரியின் வலது கட்டைவிரலை வெள்ளிக்கிழமை வெட்டிவிட உத்தரவு போட்டார்.

சபையில் இருந்த அரண்மனை விகடர் மங்கைபாகன் ஆசாரியின் கையைப் பார்த்தார். கட்டைவிரல் போன ஆசாரி எந்தச் சுத்தியலைப் பிடிப்பார்? அவர் வீட்டில் ஆறு வயிறு. "மகாராஜா, ஆசாரி சொன்னதையும் ஒருதரம் சோதித்துப் பார்க்கலாமே" என்று எழுந்தார்.

"சோதித்துக்கொள். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் அவன் விரல் போகும், உன் உத்தியோகமும் போகும்" என்றார் ராஜா.

மங்கைபாகன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனார். அங்கே கைக்கு எட்டியதை எடுத்துத் துண்டில் சுருட்டிக்கொண்டு, காவலில் இருந்த ஆசாரியைப் பார்க்கப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சபையில் ஒரு நீள மேசை. அதன்மேல் வரிசையாகப் பட்டுத் துணியில் சுற்றிய வாள்கள். காம்புகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ராயரே, கப்பல்காரன் இன்னொரு வாளையும் அனுப்பியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதின்மூன்று. பட்டுத் துணியை அவிழ்க்காமல் கையெழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா?" என்று கேட்டார் மங்கைபாகன்.

"வாளைப் பார்த்துச் சொல்ல எவனும் சொல்லுவான். கையெழுத்தைப் பார்த்துச் சொல்கிறவன்தான் நிபுணன்" என்றார் ராயர்.

ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "அசல். அசல். இதுவும் அசல்." பதின்மூன்றாவதற்கு வந்ததும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மகாராஜா! எழுத்து எப்படி மின்னுகிறது பாருங்கள்! மற்றதெல்லாம் அவன் வாலிபத்தில் அடித்தது. இது கை பழுத்த பிறகு அடித்தது. பன்னிரண்டையும் கொடுத்து இந்த ஒன்றை வாங்கலாம்!"

"நிச்சயம்தானா ராயரே?"

"என் தலையை வைத்துச் சொல்கிறேன்."

மங்கைபாகன் பட்டுத் துணியை அவிழ்த்தார். உள்ளே பலகையிலிருந்து பிடுங்கிய அரிவாள்மணை அலகு. முனையில் ஒரு பூசணி விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மடைப்பள்ளி ஆவுடையக்கா வாசலில் வந்து நின்றாள். "எந்தப் பாவி என் அருவாமணைய எடுத்தது? முப்பது வருசமா புழங்குறது! ரெண்டு நாளா காயைக் கையாலயா பிய்க்கிறது?"

"அக்கா, அதன் காம்பு முப்பது வருஷம் பலகைக்குள் இருந்து துரு ஏறியது. எழுத்தை முந்தாநாள் சாயங்காலம் ஆசாரி வெட்டினார். அதனால்தான் ராயருக்கு இப்படி மின்னுகிறது" என்றார் மங்கைபாகன்.

ராஜா ராயரைப் பார்த்தார். ராயர் பூசணி விதையைப் பார்த்தார். தலையை வைத்துச் சொன்னவரின் தலையை ராஜா எடுக்கவில்லை. ஆயுத பூஜை முடியும்வரை மடைப்பள்ளியில் பூசணிக்காய் நறுக்க அனுப்பினார். ஆசாரியை விடுதலை செய்து, ஆயுதசாலைச் சாவியையும் அவர் கையில் கொடுத்தார். கட்டைவிரலோடு இருந்த கையில்தான்.

பிறகுதான் ராஜாவின் முகம் வாடியது. "மங்கைபாகா, நாளைக்கு இந்த வாள்களைப் பார்க்க வேங்கைநாட்டார் வருகிறாரே! மானம் போகுமே!"

"தாராளமாகக் காட்டுங்கள் மகாராஜா. அவருடைய பத்தும் இதே கப்பலில் வந்தவைதானே? நம்முடையதைப் போலி என்றால் அவருடையதும் போலியாகிவிடும்."

மறுநாள் வேங்கைநாட்டார் வந்தார். காம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது போல ஒருதரம் எச்சில் விழுங்கினார். பிறகு கம்பீரமாகச் சொன்னார்: "பன்னிரண்டும் அசல்!"

அவர் பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டும்வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை ராஜா அவிழ்த்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "இந்தப் பன்னிரண்டில் உனக்குப் பிடித்த வாளை எடுத்துக்கொள் மங்கைபாகா" என்றார்.

"வேண்டாம் மகாராஜா. ஆவுடையக்காவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த அரிவாள்மணையை எனக்குத் தாருங்கள்."

"அதை வைத்து என்ன செய்வாய்?"

"மொத்தம் பதின்மூன்றில், கையெழுத்து யாருடையது என்று நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்."