இரட்டைக்கு இரட்டை

கால்நடை மருத்துவர் நாகுசாமிக்கு ஐம்பது வயதில் படிக்கிற ஆசை வந்தது. செம்மறிகளின் இனப்பெருக்கத்தை ஆராயத் தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியர் ஜெசிந்தாவிடம் மாணவராகச் சேர்ந்தார். சுற்றுவட்டாரத்தையே அதட்டி வேலை வாங்குகிறவர், அந்த அம்மா முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார்.

அன்று ஆய்வகத்துக்குள் வந்தபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேடம், சாத்தையா பட்டியில ஸ்கேன் பண்ணிட்டு வர்றேன். இளம் பெட்டைகள்ல கால்வாசி பருவத்துக்கே வரல. சினைப்பை சுருங்கிக் கிடக்கு."

"அதுகளுக்கு அப்பன் எந்தக் கிடா?"

"நான் வாங்கிக் கொடுத்ததுதான். இரட்டை ஈனுற வம்சம். இரட்டை ஈனுற ஆடுகளோடயே சேர்த்து விடுங்கன்னு சொன்னேன். அடுத்த தலைமுறை மூணு நாலுன்னு போடும்னு நெனச்சுட்டேன்."

சாத்தையா கீதாரி, சொந்தக்காரர்களின் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போடுகிறவர். டாக்டர் வாக்கு அவருக்கு சாமி வாக்கு. அவரைப் பார்த்து மற்ற கீதாரிகளும் அதே வம்சத்துக் கிடாக்களை வாங்கிப் போயிருந்தார்கள். நாளைக் காலையில் பட்டிகளில் இரட்டை ஈனும் ஆடுகளோடு சேர்க்கப் போகிறார்கள்.

ஜெசிந்தா ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்.

"இதே மாதிரி மலடான ஒரு ஆட்டோட சினைப்பை. நடுவுல என்ன தெரியுது?"

"கருமுட்டை."

"சுத்தி?"

"செல்கள். ஒரே ஒரு வரிசை. பெருகவே இல்ல."

"முட்டை ஒரு புரதத்தை அனுப்பும். வளர்ச்சிக் காரணி. அது இந்த செல்கள் மேல இருக்கிற ஏற்பியில வந்து ஒட்டினாத்தான் இதுக பெருகும், முட்டையை வளர்க்கும். உங்க வம்சத்துலயும் அந்தப் புரதத்துக்கான மரபணு பழுது. ஒரு பக்கம் மட்டும் பழுதுன்னா புரதம் குறையும், ஒண்ணுக்கு ரெண்டா முட்டை பழுக்கும். நீங்க சந்தோஷப்பட்ட இரட்டை அதுதான். அப்பன் ஆத்தா ரெண்டு பக்கமும் பழுதுன்னா புரதமே வராது."

நாகுசாமி நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப மத்த பட்டியும் இப்படித்தான் ஆகுமா மேடம்?"

"இரட்டைக்கு இரட்டை சேர்த்தா ஆகும்."

"சொன்னா ஒரு கீதாரியும் இனி என்னைப் பட்டிப் பக்கம் விட மாட்டான். சாத்தையா அடிச்சாக்கூட வாங்கிக்குவேன். அழுதாருன்னா நான் என்ன பண்ணுவேன்? பயமா இருக்கு மேடம். இந்த ஒரு பருவம் போகட்டும், இன்னும் ரெண்டு பட்டியில பார்த்து உறுதி பண்ணிக்கலாம். அதுவரைக்கும் எதுவும் சொல்லாம இருந்துரட்டுமா?"

ஜெசிந்தா கோபப்படவில்லை. நுண்ணோக்கியை மறுபடி அவர் பக்கம் திருப்பினார்.

"இன்னொரு தடவை பாருங்க. முட்டை செத்துருச்சா?"

குனிந்து பார்த்தார்.

"இல்ல மேடம். முழுசாத்தான் இருக்கு."

"சுத்தி இருக்கிற செல்கள்?"

"அதுகளும் நல்லாத்தான் இருக்கு."

"ஏற்பி? அது கண்ணுக்குத் தெரியாது, யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுலயும் ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் ஏன் மலடாப் போச்சு?"

நாகுசாமிக்குப் பதில் தெரியும். ஆனாலும் ஜெசிந்தாவே சொன்னார்.

"கேக்கிறதுக்கு எல்லாம் காத்துக்கிட்டுதான் இருந்துச்சு, டாக்டர். சொல்ல வேண்டியதுதான் வாயைத் திறக்கல."