குருவம்மா வாசலில் ஒரு சொட்டும் விழவில்லை

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒச்சு, வீரணன், மாயழகு மூன்று பேரும் ரொம்ப நல்லவர்கள். மூளை விஷயம்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரே தங்கச்சி, இன்பவள்ளி. ஒரே கார். கிழட்டுக் கார். நின்ற இடத்திலெல்லாம் ஆயில் சொட்டும். போன பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனவர்கள், அவள் மாமியார் குருவம்மா போட்ட கலர்க் கோலத்தின் மேலேயே அதை நிறுத்திவிட்டார்கள். மயில் கோலம். காக்காயாகிவிட்டது.

இப்போது இன்பவள்ளிக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டிவர வேண்டும். குருவம்மா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"என் வாசல்ல ஒரு சொட்டு ஆயில் விழுந்துச்சு, மருமகளை அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கதான்."

இன்பவள்ளி போனை வாங்கி அழுதாள். "எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே. இங்க ரசத்துல கூட வெல்லம் போடுறாங்க!"

மெக்கானிக் ஜமால் பாய் வெளியூர் போயிருந்தார். போனில் வழி சொன்னார். "ஆயில் சீல் போயிருக்கு. இன்ஜினை இறக்கிட்டுப் புதுசு போடுங்க. பழசு எப்படி இருந்துச்சோ அச்சு அசலா அப்படியே இருக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி லேசா ஆயில் தடவுங்க. அப்புறம் அடியில பேப்பர் விரிச்சு, சொட்டுதான்னு பாருங்க."

வேப்பமரத்தில் கயிறு கட்டி, தெருவே கூடி இழுத்து, இன்ஜினைப் பழைய டயர் மேல் உட்கார வைத்தார்கள். அதுவரை ஒரு தப்பும் நடக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

பழைய சீல் வந்தது. ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஓரத்தில் கிழிந்திருந்தது. புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்டா," என்றான் ஒச்சு. "இதுல கிழிசலே இல்லை."

"பாய் அச்சு அசலா இருக்கணும்னாரே," என்றான் வீரணன்.

"இதுக்குப் போய் கடைக்கு அலையணுமா? தள்ளுங்க," என்றான் மாயழகு. பிளேடை எடுத்தான். அளந்து, அதே இடத்தில், அதே நீளத்துக்குக் கிழித்தான். பொய் சொல்லக் கூடாது, கைவேலை சுத்தம்.

அடுத்து ஆயில்.

"எந்த ஆயில்டா?"

"இன்னிக்குச் சனிக்கிழமை. நல்லெண்ணெயாத்தான் இருக்கும்."

நல்லெண்ணெய் தேய்த்து ஊற வைத்தார்கள். சீயக்காய் போட்டு அலசினார்கள். துண்டால் துவட்டி மாட்டினார்கள். டயர் மேல் இருந்த இன்ஜினில் அப்படியே ஆயில் ஊற்றி, அதன் அடியில் ஒரு பேப்பர், காருக்கு அடியில் ஒரு பேப்பர் விரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

திரும்பி வந்தால், கார் பேப்பர் காய்ந்து கிடந்தது. இன்ஜின் பேப்பர் தொப்பலாக நனைந்திருந்தது. மூவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அப்போ ஒழுகுறது காரு இல்லை," என்றான் வீரணன். "இன்ஜின்."

"இத்தனை வருஷமா காரைப் போட்டுத் திட்டியிருக்கோமேடா." ஒச்சு பானெட்டைத் தடவிக் கொடுத்தான். "பாவம்டா இது."

"ஒழுகுறது வீட்டுல கெடக்கட்டும். ஒழுகாததைக் கொண்டு போவோம்," என்றான் மாயழகு.

மறுநாள் காலை காரைக் கழுவி, மாலை போட்டுக் கிளம்பினார்கள். மூத்தவன் என்பதால் ஒச்சு ஸ்டியரிங் பிடித்தான். மற்ற இருவரும் தள்ளினார்கள். பக்கத்து ஊர்தான்.

குருவம்மா வாசலில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் காரை நிறுத்தச் சொன்னார். வளைகாப்பு முடிந்து, சாப்பாடும் முடிந்து, குனிந்து பார்த்தார். வேட்டி அப்படியே உடுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது.

"சத்தம்கூட இல்லாம வந்துச்சே! என்னப்பா பண்ணீங்க?"

"சீல் மாத்தினோம் அத்தை."

"கெட்டிக்காரப் பிள்ளைங்க. கூட்டிட்டுப் போங்க."

கை நிறைய வளையலோடு இன்பவள்ளி பின் சீட்டில் உட்கார்ந்தாள். கண்மாய் மேடு வந்ததும் தள்ளுகிறவர்களுக்கு நாக்குத் தள்ளியது.

"அண்ணே, நான் இறங்கி நடக்கவா?"

"வாயும் வயிறுமா இருக்கே. பேசாம உக்காரு!"

வீரணன் சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். திடீரென்று அவன் முகம் வெளிறியது.

"ஏண்டா, இன்ஜின் இல்லாமயே இந்தக் கனம் கனக்குதே. அதையும் மாட்டிட்டு வந்திருந்தா, இந்த மேட்டுல எப்படிடா தள்ளியிருப்போம்?"

மூவருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒச்சு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பின் சீட்டில் வளையல் குலுங்கியது. "அதுக்குத்தாண்ணே என் மாமியார்கிட்ட மாரு தட்டிச் சொன்னேன்," என்றாள் இன்பவள்ளி. "எங்க அண்ணனுங்க எதையும் யோசிச்சுத்தான் செய்வாங்கன்னு."