பார்க்காத பருந்து

தொப்!

ஏரித் தண்ணீரில் எதுவோ விழுந்தது. என்னவென்று பார்க்கக்கூட சுழலி நிற்கவில்லை. கூட்டுக்கு இழுத்து வந்த பாசியை அப்படியே போட்டது. முதுகில் உட்கார்ந்திருந்த குஞ்சோடு ஒரே முங்கு!

அலை அடங்கியது. நடுவில் ஒரு பனம்பழம் மிதந்து வந்தது. அவ்வளவுதான் விஷயம்!

சுழலி ஒரு முக்குளிப்பான். காட்டு ஏரியில் அந்தப் பறவைகள் குஞ்சுகளை முதுகில் ஏற்றித்தான் வளர்க்கும். பருந்து மாதிரி ஆபத்து வந்தால் குஞ்சோடு முங்குவதும் வழக்கம்தான். ஆனால் இது பனம்பழம் உதிரும் காலம். கரையெல்லாம் பனைமரம். பழம் விழ விழ, சுழலியும் முங்கிக்கொண்டே இருந்தது.

புருஷன் மூக்கன் வாயில் மீனோடு வந்து சேரும். முதுகும் இருக்காது, குஞ்சும் இருக்காது!

"எங்கதான் போறீங்க ரெண்டு பேரும்?" என்று வாயைத் திறந்து கேட்கும். மீன் நழுவி ஓடிவிடும்!

பக்கத்துக் கூட்டு நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கழுத்தை ஆட்டி ஆட்டிச் சிரித்தது.

"அடியே சுழலி! ஒரு பழத்துக்கு இந்த ஆட்டமா? நாங்களும்தான் குஞ்சு பொரிச்சோம்! உன்னைப் பெத்தவ உனக்கு ஒண்ணும் சொல்லித் தரலையா?"

சுழலி பாசிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குஞ்சின் பெயர் பொட்டு. அதன் வயதுக் குஞ்சுகளெல்லாம் தனியாக நீந்திப் பழகின. பொட்டு முதுகை விட்டு இறங்கவே இல்லை. நனைந்து நனைந்து வெடவெடவென்று நடுங்கியது. கொடுத்த மீனைக் கக்கியது. மீன்முள் குத்தாமல் இருக்க அந்தப் பறவைகள் குஞ்சுக்கு இறகு ஊட்டும். சுழலி தன் நெஞ்சிறகைப் பிடுங்கிப் பிடுங்கி ஊட்டியது. நெஞ்சு வழுக்கையானதுதான் மிச்சம்!

கடைசியில் ஒருநாள் பொட்டு தலையைத் தூக்கவே இல்லை. "வைத்தியரே! ஓடி வாங்க!" என்று மூக்கன் அலறியது.

நத்தைகுத்தி நாரைதான் அந்த ஏரிக்கு வைத்தியர். நத்தையைத் தவிர எதையும் தின்னாதவர். அதனால் குஞ்சுகளை நம்பி அவரிடம் கொடுக்கலாம். நெட்டைக் காலை வீசி வந்து, பொட்டின் நெஞ்சில் காதை வைத்தார்.

தொப்!

சுழலி பாய்ந்து பொட்டை முதுகில் வாரிப்போட்டு முங்கியது. வைத்தியரின் காது வெறும் தண்ணீரில் இருந்தது!

"பாத்தீங்களா கூத்தை!" என்றது நாமக்கோழி. "தாய் சரியில்லை, வைத்தியரே! நல்லா நாலு வார்த்தை திட்டுங்க!"

வைத்தியர் திட்டவில்லை. சுழலி மேலே வந்ததும் முதலில் பொட்டின் நெஞ்சைக் கேட்டார். பிறகு சுழலியின் நெஞ்சைக் கேட்டார். மறுபடி பொட்டின் நெஞ்சு. இரண்டும் ஒரே படபடப்பு!

"ஏம்மா, இந்தக் குஞ்சு பருந்தைப் பாத்திருக்கா?"

"இல்லை வைத்தியரே. இந்த வருஷம் பருந்தே வரலை."

"பாக்காத பருந்துக்கு இது பயப்படுது! அந்தப் பயம் உன்கிட்டேயிருந்துதான் வந்திருக்கு. உனக்கு என்னம்மா நடந்துச்சு?"

யாரும் சுழலியிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

"நான் அம்மா முதுகுல இருந்தேன்," என்றது மெல்ல. "தொப்புன்னு ஒரு சத்தம். பருந்து! நான் தண்ணிக்குள்ள விழுந்தேன். எழுந்து பாத்தா அம்மா இல்லை. பாசிக்குள்ளேயே கிடந்து வளந்தேன். எனக்குத் தெரியும் வைத்தியரே, இது பழம்தான்னு தெரியும்! ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குதே!"

நாமக்கோழியின் சிரிப்பு நின்றது. பெத்தவளைப் பற்றித் தான் கேட்ட கேள்வி அதன் தொண்டையிலேயே முள்ளாகக் குத்தியது.

"குஞ்சுக்கு மருந்து?" என்று கேட்டது மூக்கன்.

"தாய்க்குத்தான் மருந்து! என் கழுத்து நீளம். இனி வானத்தை நான் பாக்கறேன். பருந்து வந்தா கத்தறேன். சுழலி பாக்க வேண்டாம்!"

"கரையை நான் பாக்கறேன்!" என்று முந்திக்கொண்டு வந்தது நாமக்கோழி. "பழம் விழுந்தா நான் சொல்றேன்! நீ என் குரலை மட்டும் கேளுடி!"

தொப்!

"பழம்தான்டி! பழம்தான்!"

சுழலி முங்கிவிட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "பரவாயில்லை, அடுத்த தடவை!" என்றது நாமக்கோழி.

அடுத்த தடவையும் முங்கியது. ஆனால் சட்டென்று மேலே வந்தது. அதற்கும் அடுத்த தடவை தலை மட்டும் நனைந்தது! நாமக்கோழிக்குத் தொண்டை கட்டிப்போனது. விடவில்லை. பொட்டின் முதுகு காய்ந்தது. மறுநாள் அது மெல்லத் தலையைத் தூக்கியது.

அப்போது ஒரு காற்று அடித்தது பாருங்கள்! பனை உச்சியெல்லாம் ஆடியது. அதே நேரம் மூக்கன் மீனோடு வந்தது. பொட்டு வாயைத் திறந்தது.

தொப்! தொப்! தொப்!

"பழம்! பழம்! எல்லாம் பழம்!" என்று கட்டிய தொண்டையால் கத்தியது நாமக்கோழி.

"வானம் சுத்தம்!" என்று முழங்கினார் வைத்தியர்.

சுழலியின் இறகெல்லாம் சிலிர்த்தது. கால் துடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டது. முங்கவில்லை!

முதுகில் 'களக்' என்று ஒரு சின்னச் சத்தம். பொட்டு மீனை விழுங்கிவிட்டது!

"இறங்கிடுச்சு! மீன் இறங்கிடுச்சு!" ஏரியே கூத்தாடியது. வைத்தியர் ஒற்றைக் காலில் சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் கூச்சலில் பொட்டும் இறங்கிவிட்டது, அம்மாவின் முதுகிலிருந்து தண்ணீருக்கு! தத்தக்கா பித்தக்கா என்று நீந்தியது.

பின்னால் எங்கோ ஒரு பழம் விழுந்தது. சுழலியின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பிறகு, பாதியில் விட்ட பாசியை அலகில் கவ்வி, கூட்டை நோக்கி இழுக்கத் தொடங்கியது.

தாயின் ஆறாத பழைய பயம் பிள்ளையின் உடம்பில் நோயாக வரும். அவளைத் திட்டாமல், என்ன நடந்தது என்று கேட்டுச் சுற்றி நின்று தாங்கினால், தாயும் பிள்ளையும் தேறுவார்கள்.