மஞ்சள் பூசுன நரிக்குட்டி

ஒரு ஊர்ல ஒரு நரி வளை இருந்துச்சாம். கரட்டுக் குன்றுக்கு அடியில, கள்ளிப் புதருக்குள்ள. வாசல்லயே மூத்திர வாடை குப்புனு அடிக்குமாம். உள்ள ஒரு செவலை நரி குட்டி போட்டிருந்துச்சு. ம் கொட்டு.

கரட்டை ஒட்டுன வீட்ல அங்காயினு ஒருத்தி. அவ கைப்பிள்ளை பொறந்ததுலேருந்தே சீக்கு. அழக்கூடத் தெம்பில்ல. ஒரு நாள் சிரிச்சதில்ல. நரி முகத்துல முழிச்சா நல்லது நடக்கும்னு சொல்வாங்கல்ல? அப்போ அவ என்ன பண்ணுனா, தாய் நரி இரை தேடப் போன நேரம் பார்த்து, வளைக்குள்ள கைய விட்டு ஒரு குட்டிய எடுத்துட்டு வந்துட்டா. பிள்ளை தினம் அது முகத்துல முழிக்கட்டும்னு.

ஆனா குட்டி நாறுச்சு. அதனால பிள்ளைக்குப் பூசுற மஞ்சளையே பூசிக் குளிப்பாட்டுனா. பிள்ளைக்குக் காட்டுற சாம்பிராணியையே காட்டுனா.

"அடுத்து மைப்பொட்டு வெப்பியா புள்ள?"ன்னு சிரிச்சான் புருஷன் சடையன்.

"வெச்சாச்சுங்க."

அப்புறம் பொழுது சாஞ்சுது. சர்ர்... சர்ர்... கதவு இடுக்குல ஏதோ மூக்கை வெச்சு இழுக்குது. சடையன் தடியோட போய்ப் பார்த்தான். ஒண்ணுமில்ல.

மறுநாளும் பொழுது சாஞ்சுது. சர்ர்... சர்ர்... கொடியில தொங்குன அங்காயி சேலையில. வளைக்குள்ள விட்ட கையோட வாடையப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கு. ம்?

மூணாம் நாள் சடையன் சந்தைக்குப் போயிருந்தான். அங்காயி தண்ணிக் குடத்தோட உள்ள வந்தா... நடு வீட்ல செவலை நரி!

கூடையில துணிக்கு அடியில குட்டி தூங்குது. தூளியில பிள்ளை தூங்குது. ரெண்டுலயும் ஒரே மஞ்சள், ஒரே சாம்பிராணி. நரிக்கு மூக்கு சொன்னாதான் சேதி. கூடைய மோந்துச்சு. சர்ர்... தூளிய மோந்துச்சு. சர்ர்... மறுபடி கூடை. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, தூளித் துணியப் பல்லால கவ்வுச்சு.

'ஐயோ, அது எம்பிள்ளை!' அங்காயி இடுப்புக் குடத்தோடவே பாஞ்சா. காலால கூடையத் தள்ளி விட்டா. குட்டி உருண்டு விழுந்து, பயத்துல சொர்ர்னு மூத்திரம் பேஞ்சிருச்சு!

அந்த வாடை ஒண்ணு போதாதா? நரி தூளிய விட்டுச்சு. குட்டியப் பிடறியில கவ்வுச்சு. போற போக்குல அங்காயி கைய ஒரு தடவ மோந்துச்சு. போயிருச்சு.

விடிஞ்சதும் அங்காயிக்கு மனசு கேக்கல. தாய் குட்டியச் சேர்த்துக்கிச்சானு பார்க்க, பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வளைக்குப் போனா. காதை வெச்சுக் கேட்டா. கீச்சுனு ஒரு சத்தம் இல்ல. மனுஷக் கை பட்ட வளையில நரி குட்டிகளை விட்டு வைக்குமா? ஒவ்வொண்ணாத் தூக்கிக்கிட்டு வேற எங்கியோ குடி போயிருச்சு.

சரின்னு வீட்டைப் பார்த்து நடந்தா. அப்போ, தோள்ல கிடந்த பிள்ளை தலையத் தூக்கி, பின்னாடி புதரைப் பார்த்து... களுக்குனு சிரிச்சுது.

அங்காயி திரும்பிப் பார்க்கவே இல்ல. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தா.

கதை வளைக்குள்ள பூந்துருச்சு. நீ போர்வைக்குள்ள பூந்துக்க. தூங்கு.